சுவரில் தொங்கும் தீர்மானப் புத்தகம்



இந்த மலருக்காக பழைய படங்களையும் பொருட்களையும் தேடிக்கொண்டிருந்தபோது, அலுவலக பீரோவின் மேல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் பை கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், நம் முதல் பொதுக்குழுவுக்காக 12 குழுக்கள் சேர்ந்து தைத்த சுவர்த் தொங்கல். குழுவுக்கு ஒரு கட்டம். பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளில் உருவங்களை வெட்டி வைத்து, கையாலேயே தைத்தது. ஒரு கட்டத்தில் மாடு, ஒன்றில் தையல் மெஷின், ஒன்றில் குடத்தோடு நிற்கும் வரிசை. மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

அது இருந்த நிலையைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. நான்கு மூலையிலும் ஆணி அடித்த இடத்தில் துருக் கறை. மடிப்பு விழுந்த கோட்டில் துணி இற்றுப்போய்விட்டது. மேல் வரிசை முழுக்க வெளுத்துவிட்டது. மழைக் காலத்து ஈரம் பைக்குள்ளேயே நின்று பூஞ்சை பிடித்திருந்தது. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. 12 கட்டங்களில் எது எந்தக் குழு தைத்தது என்று உட்கார்ந்து பார்த்தோம். ஏழுதான் தெரிந்தது. மீதி ஐந்து யார் கை வேலை, என்ன நினைத்துத் தைத்தார்கள் என்று அன்றைக்கு அங்கே இருந்த யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

யார் மேலும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆணி அடித்ததில் என் கையும் உண்டு. ஆனால் அந்தத் துணியைக் கையில் வைத்திருந்தபோது ஒன்று மனதில் பட்டது. ஒரு ரூபாய் சந்தா வந்தாலும் பேரேட்டில் ஏற்றுகிறோம். தீர்மானப் புத்தகத்தைப் பூட்டி வைக்கிறோம். பெண்கள் கையால் தைத்ததை மட்டும் ஏன் இப்படி விட்டுவிட்டோம்? இந்தக் கேள்வியோடு, உலகத்தில் மற்ற பெண்கள் தைத்தவை என்ன ஆயின என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பழஞ்சேலையில் தொடங்கிய கதை

பிறந்த பிள்ளைக்கு எடுத்தவுடன் புதுத் துணி போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலையில் சுற்றுவது நம் பக்கத்து வழக்கம். தூளி கட்டுவதும் அம்மாவின் சேலையில்தான். கிழிந்த சேலைகளை இரண்டு மூன்றாக அடுக்கி, எட்ட எட்ட நூல் ஓட்டி விரிப்பாகத் தைப்பதும் நம் வீடுகளில் உண்டு. என் அப்பத்தா தைத்த விரிப்பில்தான் நாங்கள் படுத்து வளர்ந்தோம். அது கடைசியில் திண்ணை துடைக்கும் துணியாகிப் போனது.

பீகாரிலும் இதே வழக்கம் இருந்தது. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் பழைய சேலை வேட்டிகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு ஒரு சின்ன விரிப்பு செய்வார்கள். அதற்கு 'சுஜனி' என்று பெயர். 'சு' என்றால் சுகம், 'ஜனி' என்றால் பிறப்பு என்று பொருள் சொல்வார்கள். பல வீட்டுக் கந்தல்கள் ஒன்றாகச் சேர்ந்து பிள்ளையைக் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கந்தல்களுக்கென்றே 'சித்திரியா மா' என்று ஒரு அம்மனும் அங்கே உண்டு. சிவப்பு நூல் ரத்தத்தையும் மஞ்சள் நூல் சூரியனையும் குறிக்கும் என்பார்கள்.

பக்கத்து வங்காளத்தில் இதே வேலைக்குப் பெயர் 'காந்தா'. நாம் சொல்லும் 'கந்தை'யும் அந்தக் 'காந்தா'வும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. வார்த்தை அங்கே கைவேலையின் பெயராகி மதிப்புப் பெற்றது. இங்கே கிழிசலோடு நின்றுவிட்டது.

அந்த வங்காளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் மானதசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காக ஒரு காந்தா தைத்தார். தன் பெயரையும், யாருக்காகத் தைத்தது என்பதையும் நூலாலேயே அதில் எழுதினார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் உள்ள குருசதய அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தைத்திருப்பார்கள். இன்றைக்கு மானதசுந்தரியின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் இரண்டே காரணம்தான். அவர் பெயரைப் போட்டார், யாரோ அதைப் பத்திரப்படுத்தினார்கள். மற்றவை எல்லாம் என் அப்பத்தாவின் விரிப்பு போன வழியில் போயின.

படுக்கை விரிப்பு சுவருக்கு ஏறியது

சுஜனியும் அப்படியே மறைந்திருக்க வேண்டியதுதான். 1988-ல் 'அதிதி' என்ற பெண்கள் அமைப்பைப் பாட்னாவில் நடத்திவந்த விஜி சீனிவாசன், முசாபர்பூர் மாவட்டம் புசுரா என்ற கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து இந்தத் தையலுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1989-ல், நம் மாநிலத்தில் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இங்கே சிறுசேமிப்பில் பெண்கள் கூடினார்கள், அங்கே ஊசி நூலில் கூடினார்கள்.

வீட்டு வாசலைத் தாண்டுவதே கஷ்டமாக இருந்த ஊர்கள் அவை. முக்காடு போட்டு உள்ளே இருக்க வேண்டும். வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை என்பதால் பெண்கள் சேர்ந்தார்கள். முதலில் பூ, மீன், பறவை தைத்தார்கள். போகப் போகத் தங்கள் கதையையே தைக்கத் தொடங்கினார்கள். வரதட்சணை பேரம், குடித்துவிட்டு அடிக்கும் புருஷன், பெண் சிசுக் கொலை, தேர்தல் நேரத்து அடிதடி, எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கை எல்லாம் துணியில் ஏறின. அதே துணியில் சந்தையில் காய் விற்கும் பெண்ணும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும், கூட்டத்தில் எழுந்து பேசும் பெண்ணும் வந்தார்கள்.

மாமனார் முன்னால் வாய் திறக்க முடியாத மருமகள், அந்த மாமனார் செய்ததைத் துணியில் தைத்து வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. தையல்தானே என்று யாரும் தடுக்கவில்லை. அந்தத் துணிகள் இனி தரையில் விரிப்பதற்கு இல்லை, எல்லோரும் பார்க்கச் சுவரில் மாட்டுவதற்கு என்று ஆனது. கடல் தாண்டிக் கண்காட்சிகளுக்கும் போயின. பின்னாளில் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புசுராவில் பல பெண்களுக்கு இந்தத் தையலைச் சொல்லிக்கொடுத்து வந்த நிர்மலா தேவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வேலை எப்படி நடக்கிறது?

சுஜனியைப் பார்த்து நாமும் ஒரு தொங்கல் தைக்கலாம். மெஷின் வேண்டாம்.

முதலில் அடித்துணி. பழைய பருத்தியானாலும் புதுக் காடாத் துணியானாலும் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் ஒரு அடுக்கு மட்டும் சுருங்கி எல்லாம் கோணிக்கொள்ளும். சாயம் போகிற துணியா என்று ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று அடுக்காகச் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எட்ட எட்டத் தற்காலிகத் தையல் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொங்கி நிற்கும்.

மேலே பென்சிலால் படம் வரைந்து, உருவங்களின் வெளிக்கோட்டைக் கறுப்பு அல்லது பழுப்பு நூலில் சங்கிலித் தையலாகப் போடுவார்கள். உள்ளே வண்ண நூலில் ஓட்டுத் தையலால் நிரப்புவார்கள். மீதி இருக்கும் வெற்றிடம் முழுக்கத் துணியின் நிறத்து நூலாலேயே நெருக்கமான ஓட்டுத் தையல். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் அடுக்குகளைப் பிடித்து வைப்பதும், அதிக நாள் வாங்குவதும் அந்தத் தையல்தான். நம் வீட்டு வேலை மாதிரி. அதனால் விலை போடும்போது படத்தை மட்டும் பார்க்காமல், இந்தப் பின்னணித் தையலுக்கான நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வரைந்தவர் ஒருவர், தைத்தவர்கள் நான்கு பேர் என்றால் ஐந்து பெயரும் எழுதப்பட வேண்டும்.

5 டாலருக்குப் போன விரிப்பு

விலை என்று சொன்னதும் இன்னொரு பெண்ணின் கதையைச் சொல்லியாக வேண்டும். இது நடந்தது அமெரிக்காவில். அந்தக் காலத்தில் அங்கே விரிப்புத் தைப்பது ஏழை பணக்காரர் என்றில்லாமல் பெண்கள் பலருக்கும் தெரிந்த வேலையாக இருந்தது. 'குயில்ட்' என்பார்கள். மேல் துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பது.

ஹாரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1837-ல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகு கணவரோடு சிறிதளவு நிலம் வைத்து விவசாயம் செய்தார். பைபிளில் கேட்ட கதைகளை 11 கட்டங்களாகப் பிரித்து, துணியில் உருவங்களை வெட்டி ஒட்டித் தைத்து ஒரு குயில்ட் செய்தார். 1886-ல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை அதைப் பார்த்து மயங்கி, விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தர முடியாது என்று ஹாரியட் சொல்லிவிட்டார்.

சில ஆண்டுகள் கழிந்தன. கஷ்டம் வந்தது. 1891-ல் ஹாரியட், சுத்தமான மாவுப் பையில் சுற்றி, அதை ஒரு சாக்குக்குள் வைத்து, மாட்டு வண்டியில் அந்தக் குயில்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். 10 டாலர் கேட்டார். ஆசிரியை தன்னிடம் 5 டாலர்தான் இருக்கிறது என்றார். வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கொடுத்துவிடு என்றார் அவர். கொடுத்துவிட்டார்.

போகும் முன் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொன்னார். ஜென்னி ஸ்மித் அதை எழுதி வைத்தார். அதற்குப் பிறகும் ஹாரியட் பல தடவை அந்த வீட்டுக்கு வந்து, தான் தைத்ததைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது போல. இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

1910-ல் அவர் இறந்தார். அந்தக் குயில்ட் இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று, 15 கட்டங்கள் கொண்டது, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் 1833-ல் வானத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய இரவைக் காட்டுகிறது. அவர் பிறப்பதற்கு 4 ஆண்டு முன்னால் நடந்தது. பெரியவர்கள் சொல்லிக் கேட்டதைத் தைத்தார். அவர் தைத்த விரிப்புகள் இன்று ஒரு நாட்டின் வரலாற்றுப் பொருளாகிவிட்டன.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஹாரியட்டுக்குப் பின்னால் ஒரு குழு இருந்திருந்தால், நெருக்கடி வந்த நாளில் ஒரு உள்கடன் கிடைத்திருந்தால், பாதி விலைக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். இது முதல் பாடம். விலை குறைந்தாலும் கதை தொலையவில்லை. எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு அந்தக் கட்டங்களுக்கு அவர் சொன்ன பொருளே நமக்குத் தெரிகிறது. இது இரண்டாவது. நம் தொங்கலில் ஐந்து கட்டங்களுக்கு அந்த எழுத்து இல்லாமல் போயிற்று.

இனி நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது

அருங்காட்சியகங்கள் செய்வதில் பாதியை நம் அலுவலகத்திலும் வீட்டிலும் செய்ய முடியும். பெரிய செலவில்லை.

மாட்டும் முறை: ஆணி, குண்டூசி, பசை டேப் எதுவும் துணியில் படக்கூடாது. பாவாடையில் நாடா கோக்க விடும் பட்டி மாதிரி, தொங்கலின் பின்பக்கம் மேல் ஓரம் முழுக்க ஒரு துணிக் குழாய் தைத்து, அதில் வழவழப்பான கம்பு நுழைத்து, கம்பைத்தான் சுவரில் மாட்ட வேண்டும். அப்போது பாரம் ஒரே சீராகப் பரவும். மூலையில் மட்டும் தொங்கவிட்டால் அந்த இடம் முதலில் இழுபட்டுக் கிழியும்.

இடம்: நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். ஒரு தடவை வெளுத்த சாயம் திரும்ப வராது. அடுப்புப் புகை, ஊதுபத்தி, மழையில் ஓதம் ஏறும் சுவர் இவையும் ஆகாது. கண்ணாடிச் சட்டம் போட்டால் துணி கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும். ஒட்டினால் ஈரம் நின்று பூஞ்சை வரும். ஆண்டில் சில மாதம் இறக்கி வைத்து ஓய்வு கொடுப்பது நல்லது.

சுத்தம்: தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது கட்டுகிற துணிக்குச் சரி. பல சாயத் துணி சேர்ந்த தொங்கலுக்கு அது ஆகாது. கசக்கினால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறும். கண்டிப்பாக நனைத்தே ஆக வேண்டும் என்றால், எல்லா நிறத்தையும் முன்பே சோதித்து, குளிர்ந்த நீரில் முக்கி, பிழியாமல், நிழலில் தட்டையாக விரித்துக் காயவைக்க வேண்டும். தையல் மேல் இஸ்திரி வேண்டாம்.

எடுத்து வைப்பது: மடிக்கக்கூடாது, சுருட்ட வேண்டும். துணிக்கடையில் கிடைக்கும் அட்டைக் குழாயின் மேல் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றி, தொங்கலின் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி, மேலே ஒரு பழைய வெள்ளை வேட்டியால் போர்த்தினால் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே ஈரம் வேர்க்கும். வசம்பு, காய்ந்த வேப்பிலை இவற்றைச் சிறு துணி முடிச்சாகக் கட்டிப் பக்கத்தில் வைக்கலாம், துணியில் நேரே படக்கூடாது. பூச்சி உருண்டையும் அப்படித்தான். தை, மாசியில் ஒரு நாள் பிரித்து நிழலில் காற்றாட விட்டு, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயர்: இதுதான் முக்கியம். பின்பக்கம் ஒரு வெள்ளைத் துணிப் பட்டி தைத்து, குழுவின் பெயர், வரைந்தவர், தைத்தவர்கள், ஊர், மாதம், ஆண்டு இவற்றை நூலாலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன கதை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிவிட வேண்டும். பட்டி போனாலும் புத்தகம் இருக்கும், புத்தகம் போனாலும் பட்டி இருக்கும்.

அந்த ஐந்து கட்டங்கள்

நம் பழைய தொங்கலை இப்போது பையிலிருந்து எடுத்து, காற்றாட வைத்து, ஈரம் போன பிறகு பூஞ்சையை வெளியில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டிவிட்டோம். துருக் கறையை எடுக்க முயற்சி செய்யவில்லை. எடுக்கப் போனால் துணியே போய்விடும். இற்றுப்போன மடிப்புக்குப் பின்னால் மெல்லிய வலைத் துணி கொடுத்துத் தாங்கித் தைத்திருக்கிறோம். இனி அது கம்பில்தான் தொங்கும், ஜன்னலுக்கு எதிரே இல்லாத சுவரில்.

அடையாளம் தெரியாத கட்டங்கள் இவை: ஒரு வண்டி மாடும் பக்கத்தில் நிற்கும் பெண்ணும், மூன்று மரங்கள், பூட்டுப் போட்ட கதவு, ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறு பேர், நீல நூலில் முழுக்கத் தைத்து வேறெதுவும் இல்லாத ஒரு கட்டம். அந்த நீலம் வானமா, குளமா, ஏதாவது துக்கமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பூட்டுப் போட்ட கதவு யார் வீட்டுக் கதவு என்றும் தெரியவில்லை.

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளில் யாராவது தைத்திருப்பீர்கள். அல்லது உங்கள் அம்மாவோ மாமியாரோ தைத்திருப்பார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது வந்து சொல்லுங்கள். எழுதத் தெரியவில்லை என்று யோசிக்க வேண்டாம், நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் ஐந்து பக்கம் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.